வேலியில் இரண்டு கட்டை

வஜ்ஜிரப் பசை இறுகிவிட்டது. கத்தி முனையைப் பொம்மைக் குடிசைக்கு அடியில் நுழைத்து ஹுமாயூன் நெம்பினான். குடிசை பெயரவில்லை. பக்கத்தில் மரத்தூள் ஒட்டிய தரையிலிருந்து மட்டும் ஒரு சில்லு எழும்பி வந்தது.

“இன்னாபா பண்றே? ஆபீசரு வர்ற நேரத்துல!” வாசலில் நின்று வெள்ளத்துரை கத்தினான். அவன் யார்டில் கொடி காட்டுகிறவன்.

“இது ஒண்ணு வேணாம் தொரை. எட்த்துடறேன்.”

“எட்த்துட்டு? அங்க இன்னா பொத்தல்னு கேட்டா இன்னா சொல்லுவே? வுடு. சோக்கா கீது.”

மேஜையின்மேல் இருந்தது அவர்கள் வேலை பார்க்கும் சரக்கு ஸ்டேஷனின் மர மாதிரி. ராயபுரத்துக்கு வடக்கே, துறைமுகத்துக்குப் போகும் கிளைப்பாதையில் உள்ள சின்ன ஸ்டேஷன். நாற்பத்தேழில் தம் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலை ஊழியர் கிளப்புக்கு விட்டுப்போனார். நாலு வருஷம் அது வெறும் தண்டவாளத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று செயலாளர் சுயம்புதான் சொன்னார். வேகன் ஷெட்டில் தச்சு வேலை செய்யும் ஹுமாயூனிடம் அதை ஒப்படைத்தார்கள். அதுவரை யாரும் அவனிடம் எதையும் ‘உன் இஷ்டம்போல் செய்’ என்று சொன்னதில்லை.

அவன் இஷ்டம்போலும் நடக்கவில்லை. பிளாட்பாரத்தை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது வெள்ளத்துரை வந்து பார்த்தான்.

“கொயாவ அந்தாண்ட வெச்சிக்கினு கீறே? தண்ணி புடிக்க நான் பல்டி அடிக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் யாராவது வந்து, இருப்பதற்கும் மேஜையில் உள்ளதற்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். தராசின் கைப்பிடி எந்தப் பக்கம், விளக்குக் கம்பம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது. அதுவே கிளப்பின் விளையாட்டாகிவிட்டது. அசலில் இருப்பது அப்படியே இருக்க வேண்டும் என்று சுயம்பு சட்டம் போட்டார்.

அதனால் ஹுமாயூன் சரக்குக் கொடோனுக்குப் பின்புறத்தையும் செய்தான். அங்கே பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்ட வேலி. அதில் இரண்டு கட்டை இல்லாத சந்து. சந்தை ஒட்டி, யார்டு நிலத்துக்குள், அவன் அக்கா அஜீசுன்னிசாவின் ஓலைக் குடிசை. அதுதான் அவளுக்கு வீடு, அதுதான் டீக்கடை. மூட்டை தூக்குகிறவர்கள் சந்து வழியாக வந்து குடித்துவிட்டுப் போவார்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் குடித்தார். குடிசை எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்ததில்லை. ஆபீசர்கள் வந்தால் பிளாட்பாரத்தோடு திரும்பிவிடுவார்கள். கொடோன் மறைத்தது.

தாய் செத்தபின் ஹுமாயூனை வளர்த்தது அந்த அடுப்புதான்.

“என் கடைக்கு என் ஓலையே போடு” என்று அக்கா கூரையிலிருந்து ஒரு கீற்றை உருவிக் கொடுத்தாள். அதை நறுக்கி வேய்ந்தான். வாசலில் தீக்குச்சியில் செய்த ஒரு பெண்ணும் நின்றாள்.

திறந்துவைக்க ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் வருவதாக இருந்தது. அவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக, ரயில்வே நிலத்தையும் கட்டடங்களையும் பார்க்கும் இன்ஜினீயர் சங்கரநாராயணன் வருகிறார் என்று மத்தியானம்தான் தெரிந்தது.

ஹுமாயூன் சுயம்புவிடம் போனான்.

“அண்ணே, அக்கா கடை…”

“அவரு ரயில் பாக்க வாராருப்பா. வேலி பாக்கவா வாராரு? போய் சட்டைய மாத்து.”

குடிசை பெயர்வதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. ஹுமாயூன் கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடிசை இருந்த மூலையில் மேஜையை ஒட்டி நின்றான். கைகளை முன்னால் கட்டிக்கொண்டான். உடம்பு பக்கவாட்டைத்தான் மறைத்தது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குக் கொடோனுக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது.

இன்ஜினீயர் நல்ல மனிதராக இருந்தார். செருப்பை வெளியில் விட்டு வந்தார். சாவியைத் தாமே முறுக்கினார். ரயில் ஓடியபோது குழந்தைபோல் கை தட்டினார். பிறகு மேஜையைச் சுற்றி மெதுவாக வந்தார்.

“பிரமாதம். கம்பம்கூட சாய்ஞ்சிருக்கே! யார் செஞ்சது?”

சுயம்பு ஹுமாயூனைக் காட்டினார். இன்ஜினீயர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போதே கண்கள் கீழே போயின.

“இங்கே வேலி திறந்திருக்கு?”

ஹுமாயூன் மேஜையை இன்னும் நெருங்கி நின்றான்.

“எல்லாம் அசல் சார்!” என்றார் சுயம்பு. “ஒரு ஆணி கற்பனை கெடையாது.”

“இந்தக் குடிசை?”

“நம்ம ஹுமாயூனோட அக்கா கடைதான். டீ பிரமாதமா இருக்கும்.”

வெள்ளத்துரை மட்டும் தரையைப் பார்த்தான்.

“அப்படியா” என்றார் இன்ஜினீயர். குரலில் கோபம் இல்லை. குனிந்து, தீக்குச்சிப் பெண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேசினார். ஊழியர்கள் இப்படிக் கண் திறந்து வேலை செய்தால் நாடு முன்னேறும் என்றார். ஹுமாயூனுக்கு ஒரு வெள்ளி முலாம் கோப்பை கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் கோப்பையோடு சந்து வழியாகப் போனான். அஜீசுன்னிசா அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

“என் கடைய பாத்தாரா?”

“பாத்தாரு.”

“இன்னா சொன்னாரு?”

“நல்லா கீதுன்னாரு.”

“பின்ன? என் ஓலையாச்சே.” அவள் சிரித்தாள். “இன்னாத்துக்கு மூஞ்ச தொங்க போட்டுகினு கீறே? டீ குடி.”

குடித்தான். சொல்ல வேண்டியதை டம்ளர் காலியானதும் சொல்லலாம் என்று நினைத்தான். அதற்குள் மூட்டைக்காரர்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். கோப்பையை அவள் அவர்களிடம் காட்டினாள்.

மறுநாள் காலை இரண்டு பேர் டேப்போடு வந்து கொடோனுக்குப் பின்னால் அளந்தார்கள். பத்து மணிக்குக் குடிசையை அகற்றும்படி ஆர்டர் வந்தது. சாமான்களை எடுத்துக்கொள்ள மத்தியானம் வரை நேரம் கொடுத்தார்கள். ஆள் போதாததால் வேகன் ஷெட்டிலிருந்து இரண்டு தச்சர்களை அனுப்பினார்கள். அவர்களில் ஹுமாயூன் ஒருவன். அஜீசுன்னிசா அடுப்பை அணைக்குமுன் வந்த எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். பாத்திரங்களை வெள்ளத்துரை கைவண்டியில் ஏற்றினான். அவள் தண்டையார்பேட்டைக்கு, தம்பி ஹுமாயூனின் ஒற்றை அறைக்குப் போனாள். கூரை பிரிக்கப்பட்டது. வேலியில் இரண்டு கட்டைகள் நடப்பட்டன. குழி ஆழம் போதவில்லை என்று மேஸ்திரி சொன்னதால் ஹுமாயூன் ஒன்றை மறுபடி பிடுங்கி நட்டான்.

ஐந்து மணிக்குக் கிளப்பில் சுயம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹுமாயூன் வந்ததும் மேஜைமேல் இன்னும் திறந்திருந்த வேலியைக் காட்டினார். ஹுமாயூன் வெந்நீர் கேட்டான். துணியை நனைத்து வைத்ததும் வஜ்ஜிரம் இளகியது. குடிசை வந்துவிட்டது. சந்துக்கு இரண்டு குச்சி சீவினான்.