தங்கப்பொண்ணு யாரைத் திட்டினார்?

கொட்டாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நாலு வழிச்சாலையைத் தாண்டி உள்ளே நடந்தால் கண்மாய்க்குப் போகும் வண்டிப்பாதை வரும். அதை ஒட்டி ஒரு ஏக்கர் கடலைக்காடு. தங்கப்பொண்ணு, கண்ணுச்சாமி தம்பதியின் மொத்தச் சொத்து அதுதான். இரண்டு பேருடைய பெற்றோரும் கடைசிவரை அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். இந்த நிலத்தைப் பதிவு செய்த மறுநாள் தங்கப்பொண்ணு வரப்பில் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல் அரைநாள் வேடிக்கை பார்த்தாராம். "எந்திரின்னு சொல்ல ஒரு ஆள் இல்லைல்ல?" என்பது அவர் விளக்கம்.

அதற்குப் பிறகு உட்கார நேரம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் மழை வராது. மறு வருடம் அறுவடை அன்றைக்கு மட்டும் வரும். கத்தரிக்காய் விலை போகாத வருடம் வீட்டில் மூன்று வேளையும் கத்தரிக்காய். மகள் பாண்டிமீனா இன்றைக்கும் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் அந்தக் காடுதான் அவளை நர்ஸ் படிக்க வைத்தது. இப்போது கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள்.

போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கடலை முழுக்க மயிலுக்குப் போனது. மயிலை விரட்டலாம், அடிக்க முடியாது. சட்டம் மயில் பக்கம். லீவுக்கு வந்த பாண்டிமீனா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் மயிலு தின்னுட்டா, காட்டைத் தரிசாப் போட்டுட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துரணும். அப்பாவுக்கு எங்க கிளினிக்குல வாட்ச்மேன் வேலை சொல்லி வச்சிருக்கேன்."

"உக்காந்திருக்கிற வேலைதான?" என்று கண்ணுச்சாமி கேட்டுவிட்டார். அன்றைக்குத் தங்கப்பொண்ணு வைத்த குழம்பில் இருந்த உப்பு பதில் சொன்னது.

மகள் சும்மா மிரட்டிவிட்டுப் போகவில்லை. ஒரு பேட்டரி ஸ்பீக்கரும் வாங்கி வந்திருந்தாள். பட்டனை அழுத்திப் பேசினால், பேசியதையே நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். ஆனால் அதன் முன்னால் நின்றதும் தங்கப்பொண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது. "ச்சூ... போ மயிலே" என்றார். கோழிக்குஞ்சுகூட அசையாது.

அந்த நேரம் பார்த்து, காட்டு வாசல் படலைத் திறந்து போட்டுவிட்டு ஊர் சுற்றப் போயிருந்த கண்ணுச்சாமி திரும்பி வந்தார். கன்றுக்குட்டி செடிக்குள் நின்றது. பாண்டிமீனா சத்தமில்லாமல் பட்டனை அழுத்தினாள்.

"இந்தாய்யா! ஒன்னத்தான்! எங்க போயி சுத்திட்டு வார? வீடுன்னு ஒண்ணு இருக்கே, நெனப்பு இருக்கா? கேக்க ஆள் இல்லைன்னு திமிரா?"

கல்யாணமான நாளிலிருந்து தங்கப்பொண்ணு கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். எவ்வளவு கோபத்திலும் அந்த வழக்கம் மாறாது. ஆகவே திட்டில் எல்லாம் இருந்தது, பெயர் மட்டும் இல்லை.

அந்தத் திட்டையே காட்டில் ஓடவிட்டார்கள். மயில்கள் பறந்தன. அதோடு நின்றிருந்தால் சரி. கண்மாய்க்கரையில் தினமும் சீட்டாட்டம் நடக்கும். ஊர் ஆண்கள் அந்த வண்டிப்பாதை வழியாகத்தான் போவார்கள். முதல் நாள் பக்கத்து வீட்டுக் காளை "ஒன்னத்தான்!" என்ற குரல் கேட்டு அப்படியே நின்றார். நாலு பக்கமும் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பொழுது சாய்வதற்குள் புருஷனை வாசலில் பார்த்த அவர் மனைவி சின்னத்தாய், உடம்புக்கு என்னவோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒரே வாரத்தில் சீட்டுக்குக் கை சேரவில்லை.

காளை தலைமையில் ஆண்கள் முறையிட வந்தார்கள்.

"மதினி, அதை நிப்பாட்டுங்க. மனுசன் நிம்மதியா நடக்க முடியல."

"ஒங்களையா சொல்லுது? மயிலைல்ல சொல்லுது."

"மயிலுக்கு ஏது மதினி வீடு நெனப்பு? ஒண்ணு செய்ங்க. அண்ணன் பேரை ஒரு தடவை சேத்துச் சொல்லிப் போட்டுருங்க. எங்களுக்கு விட்டுச்சு."

கண்ணுச்சாமி பதறிப்போனார். "ஏன்டா, ஊருக்கே பொதுவா இருந்ததை எனக்கு மட்டும் எழுதி வைக்கப் பாக்குறீகளா?"

"பேரெல்லாம் சொல்ல முடியாது" என்றார் தங்கப்பொண்ணு. "நிப்பாட்டணும்னா ஆளுக்கு ஒரு நாள் காவலுக்கு வாங்க."

சரி என்றார்கள். ஸ்பீக்கர் ஓய்ந்தது. காவலுக்கு வந்தவர் தனியாக வரவில்லை; சீட்டுக்கட்டோடும் கூட்டாளிகளோடும் வந்தார். வேப்பமரத்தடியில் ஆட்டம் சூடு பிடித்திருந்தபோது காட்டின் கீழ்மூலையில் மயில்கள் நிதானமாகப் பந்தியில் உட்கார்ந்தன. தங்கப்பொண்ணு போய்ப் பார்த்தபோது செடிகள் வேரோடு புரண்டு கிடந்தன, மண்ணெல்லாம் வெறும் கடலைத்தொலி. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கே.கே. நகருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு மாலையே சின்னத்தாய் நாலு பெண்களோடு வந்தார். "யக்கா, நல்லா எடம் குடுத்தீக போங்க! காட்டுக் காவல்னு சொல்லிட்டுல்ல இப்பப் பகல்லயே கெளம்புறாக. எடுங்கக்கா அந்த ஸ்பீக்கரை!"

ஒருவர் பின் ஒருவராக அதில் பேசினார்கள். யாருக்கும் வெட்கம் வரவில்லை. யாரும் பெயர் சொல்லவில்லை. ஒரே குரலுக்குப் பழகத் தொடங்கியிருந்த மயில்களுக்கு அத்தனை குரலையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை. கண்மாய்க்கரைக்குப் போகிறவர்கள் பிள்ளையார் கோயில் வழியாகச் சுற்றிப் போனார்கள்.

கடலை பிடுங்கும் அன்று பாண்டிமீனா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கீழ்மூலை போனது போனதுதான். மற்ற செடிகளில் கொத்துக் கொத்தாகக் காய். ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, காயை எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப கிளினிக்குல நான் என்னம்மா சொல்ல?"

"வேற ஆளப் பாத்துக்கிறச் சொல்லு. இவருக்கு இங்க சோலி கெடக்கு. அடுத்து உளுந்து வெதைக்கணும்."

பாண்டிமீனா அப்பாவைப் பார்த்தாள். கண்ணுச்சாமி ஏதோ சொல்ல வந்தார். வாய் நிறையப் பச்சைக்கடலை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.