அவிழ்த்த காப்பு

எங்கள் ஊரில் குடியை நிறுத்துவது பெரிய காரியமே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் நிறுத்துவார்கள். ஆடியில் அம்மன் கோயில் கொடி ஏறிவிட்டால், தீ மிதிக்க நேர்ந்துகொண்ட ஆண்களின் கையில் மஞ்சள் நூல் காப்பு ஏறும். அதோடு மீன் இல்லை, இறைச்சி இல்லை, சாராயம் இல்லை. சாராயத் தவறணைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பான். தீ மிதித்து, காப்பு அவிழ்த்து, அடுத்த நாள் விடிந்தால் எங்கள் உடப்புக் கடற்கரை முழுக்க விழுந்து கிடப்பவர்கள்தான். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். "நான் நினைச்சா நிப்பாட்டுவன், பாத்தாய் தானே" என்று அந்தக் கிடையிலேயே எனக்குச் சொல்லுவார்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. முல்லைத்தீவுப் பக்கம். உடப்பு ஆட்கள் பருவத்துக்குப் பருவம் கரைவலையோடு எங்கள் கரைக்கு வருவார்கள். அப்படி வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். சண்டை முடிந்தபோது என் வீட்டு ஆட்களில் மிஞ்சியவன் தம்பி ஒருவன்தான். முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். அதுவரை குடித்துப் பழகாதவன், ஒரு வருஷத்துக்குள் அத்தானைத் தூக்கிச் சாப்பிடும் குடிகாரனாகிவிட்டான். இரண்டு பேரும் ஒரே வலைக்குக் கயிறு இழுப்பார்கள், இழுப்பு முடிந்ததும் ஒரே போத்தலில் குடிப்பார்கள். ஒருவரை ஏசினால் மற்றவர் எனக்கு நியாயம் சொல்ல வருவார். எனக்கு வாய் நீளம், இப்போதும் குறையவில்லை. ஆனால் குடிகாரனோடு கத்தி என்ன கண்டேன்? தொண்டை நொந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்காரர் வயிறு வீங்கி, கை நடுங்கி, சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்த மனிதர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். சிங்களவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், எங்கள் பாஷை நன்றாகக் கதைப்பார், தம்பி என்பதற்கு மட்டும் 'மல்லி' என்பார். கையில் ஒரு பையில் தோடம்பழம். வேறு யாரையோ பார்க்க வந்தவர் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "மல்லி, நானும் குடிகாரன்தான். இண்டைக்குக் குடிக்கயில்லை" என்றார்.

டாக்டர் சொல்லியும் அசையாத மனிதர், பூசாரி சொல்லியும் அசையாத மனிதர், நான் சொன்னதைக் காதிலேயே போடாத மனிதர், அதைக் கேட்டதும் எழும்பி உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டு பேரும் தாங்கள் விழுந்து கிடந்த இடங்களைப் பற்றியே கதைத்தார்கள். சிரிப்பு வேறு. நான் வருஷக்கணக்காக அழுததை இவர்கள் பகிடி ஆக்குகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் போன பிறகு வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். குடிக்காமல் அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்படித்தான் எங்கள் ஊரில் குடியை விட நினைக்கிறவர்களின் கூட்டம் தொடங்கியது. கடற்கரையில் வலை போட்டு வைக்கும் வாடி ஒன்றில், ஞாயிறு பின்னேரம், இழுப்பு இல்லாத நேரத்தில். முதலில் வீட்டுக்காரரும் தம்பியும், சிலாபத்து ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த ரயில்வேக்காரரும் மட்டும்தான். பிறகு அதே வலைக்காரர் நான்கைந்து பேர் வந்தார்கள். அங்கே யாரும் பெயர் சொல்லத் தேவையில்லை, கேட்டதை வெளியில் கதைக்கக் கூடாது என்று ஐயா ஒழுங்கு சொன்னார். உடப்பில் பெயரை மறைப்பதா? எந்த ஆள் எந்த வேலியில் விழுந்து கிடப்பான் என்று ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் அந்த ஒழுங்கைக் காப்பாற்றினார்கள். நானும் அதனால்தான் இங்கே ஒருவர் பெயரும் எழுதவில்லை.

பெண்கள் உள்ளே போவதில்லை. நான் வாடிக்கு வெளியே கருவாடு புரட்டிக்கொண்டு இருப்பேன். தென்னங்கிடுகுச் சுவருக்குப் பேச்சை மறைக்கத் தெரியாது. தன் பிள்ளையின் காதுத்தோட்டைக் கழற்றி விற்றுக் குடித்ததை ஒருவர் சொன்னார். வேறு ஒருவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு எழும்பிப் போவார், அடுத்த ஞாயிறு திரும்ப வருவார். ஐயா ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் சொல்லுவார். "நாளைக்கு வேண்டாம் மல்லி. இண்டைக்கு மட்டும் பாருங்க."

இதுதான் எங்கள் ஆட்களுக்குப் போதவில்லை. இன்றைக்கு மட்டும் என்றால் அது என்ன கணக்கு? ஒரு பிடிமானம் வேண்டாமா? அந்த ஆடியில் தீமிதிப்பு முடிந்து ஊர் ஆண்கள் காப்பு அவிழ்த்தபோது, கூட்டத்து ஆட்கள் மட்டும் பூசாரியிடம் போய்ப் புது நூல் கட்டிக்கொண்டார்கள். சாகும்வரை குடிப்பதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம். இந்த யோசனையைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். திருவிழாக் காலத்தில் நூல்தானே நம்மைக் காப்பாற்றுகிறது, அது கையிலேயே இருந்தால் முடிந்தது கதை என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அன்றைக்குப் பொங்கிப் படைத்தேன்.

ஐயா அந்த மஞ்சள் கைகளைப் பார்த்து முகம் சுருங்கினார்.

"நான் செய்யாத சத்தியமா? கோயில் கோயிலாப் போய்ச் செய்தன். எங்கட கூட்டத்தில சத்தியம் இல்லை மல்லி."

"அவர் வேதக்காரர், எங்கட அம்மனைத் தெரியாது" என்று இவர்கள் பின்னால் கதைத்தார்கள். உண்மையைச் சொன்னால், நூல் நன்றாகத்தான் வேலை செய்தது. மாரிக்காலம் முழுக்க என் வீட்டில் இரண்டு ஆண்கள் குடிக்காமல் இருந்தார்கள். தம்பி பாண் வாங்கி வருவான். வீட்டுக்காரர் மத்தியானம் சோற்றுக்கு வருவார். பயமில்லாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்த காலம் அது.

வைகாசி வந்தால் தம்பிக்கு உடம்பே மாறிவிடும். எங்கள் ஆட்கள் எல்லோரும் சண்டையில் செத்துப்போன மாதம் அது. ஒரு நாள் காலை வலைக்கு வரவில்லை. மீன் வெட்டும் கத்தியால் முதலில் நூலை அறுத்தானாம், பிறகுதான் குடித்தானாம். நூலோடு குடித்தால் அம்மனை ஏமாற்றியதாகப் போகும் என்று அவனுக்குப் பயம். அறுத்த நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். அந்த நூலைப் பார்த்து நான் அழுதேன், அவனைப் பார்த்து அல்ல.

குடித்ததை மன்னிக்கலாம், ஊரில் யார் குடிக்கவில்லை. காப்பை அறுத்தவனை என்ன செய்வது? காப்புக் கட்டியவர் அப்படிப்பட்டவனோடு ஒரே பாயில் உட்காரக் கூடாது, ஒரே சட்டியில் சாப்பிடக் கூடாது. கூட்டத்தில் எல்லோர் கையிலும் நூல். ஆகவே கூட்டத்தில் அவனுக்கு இடமில்லை. என் வீட்டிலும் இடமில்லை, வீட்டுக்காரர் கையிலும் நூல் இருந்ததே. வேலிக்கு மேலால் சோற்றுப் பீங்கானை நீட்டினேன். அந்தக் கிழமை வலை வெறுமையாக வந்தது. வைகாசிக் கடல் எந்த வருஷம் அள்ளிக் கொடுத்தது? ஆனால் பழி தம்பி தலையில். கயிற்றைத் தொடாதே என்று விரட்டிவிட்டார்கள். அவன் களப்புப் பக்கம் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் விற்கிறவனுடைய கொட்டிலில் போய்க் கிடந்தான். சோறு கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"அக்கா, எனக்கு இனி அம்மனும் இல்லை, கூட்டமும் இல்லை. நீ வராத."

இரண்டாவது கிழமை அவன் இரத்தமாகச் சத்தி எடுத்தான். மணலில் அது காய்ந்து கிடந்ததைக் கண்ணால் கண்டேன்.  நேரே வாடிக்குப் போனேன். அன்று ஞாயிறு, கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் போகாத இடம் என்ற யோசனையே வரவில்லை.

"என்ர தம்பி அங்க செத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் இங்க இருந்து என்னத்தைக் கதைக்கிறியள்?"

ஒருவரும் நிமிரவில்லை. சிலாபத்து ஐயாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. தம்பிக்குச் சுகமில்லை என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

"குடிச்சவனுக்கு இடமில்லை எண்டா இது ஆருக்குக் கூட்டம்? என்னை ஏன் உள்ளுக்கு விட்டீங்க? நான் எத்தனை தரம் விழுந்த ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

வீட்டுக்காரர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி வெளியே வந்தார். நான் பின்னால் போனேன்.

"கோயிலுக்குப் போறன். இதை அவிழ்க்கப் போறன்" என்றார்.

இங்கே நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தம்பிக்காகக் கத்திக்கொண்டு போனவள் நான். இதைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்து நிறுத்தியவளும் நான்தான். தம்பி பிழைக்க வேண்டும். ஆனால் அந்த நூல் போய்விட்டால் இந்த மனிதரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு இரண்டே இரண்டு பேர். ஒருவனை எடுக்க மற்றவரைக் கடலில் தள்ளுவதா?

"அவிழ்க்க வேண்டாம். வேற வழி பாப்பம்."

"வேற வழி இருந்தாச் சொல்லு."

 கையை விட்டேன்.

பூசாரி முதலில் அவருடைய வாயை மணந்து பார்த்தார். "குடிச்சிட்டியா?"

"இல்லை ஐயா."

"பின்ன ஏன் அவிழ்க்கச் சொல்லுறாய்?"

"இது என்ர கையில இருந்தா அவனுக்குப் பக்கத்தில நான் இருக்க ஏலாது. அவனுக்குப் பக்கத்தில இருக்கத்தான் வேணும்."

 குடிக்காத ஆள் ஒருவன் காப்பு அவிழ்க்கக் கேட்டு நிற்பதைப் பூசாரி கண்டதில்லை. பிறகு கற்பூரம் காட்டி, முறைப்படி அவிழ்த்து, திருநீறு பூசிவிட்டார். கோபித்தால் அம்மன் தன்னைக் கோபிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். நூல் இருந்த இடத்தில் வெள்ளைத் தழும்பாக ஒரு கோடு. 

களப்புப் பக்கம் போய் அந்தக் கையைத் தம்பிக்கு நீட்டிக் காட்டினார். "பார் மச்சான், என்ர கையிலயும் இல்லை. வா." அவனைத் தூக்கிச் சிலாபத்துக்குக் கொண்டு போனோம். அடுத்த மாதம் வாடிக்கு வந்து உட்கார்ந்து, தான் குடித்ததைச் சொன்னான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கோயிலுக்குப் போய் வந்தார்கள். ஒருவர் மட்டும் நூலை விட மனமில்லாமல் கூட்டத்தையே விட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயம் எனக்கும் இருந்தது. ஒவ்வொரு நாள் பின்னேரமும் வீட்டுக்காரர் படலையைத் திறக்கும் சத்தத்தில் நடையை அளப்பேன். அடி தடுமாறுகிறதா என்று கேட்டுக்கொண்டே உலை வைப்பேன்.

தம்பி அந்த வருஷம் இன்னும் இரண்டு தடவை விழுந்தான். இரண்டு தடவையும் அடுத்த ஞாயிறு வந்து சொன்னான். பிறகு விழவில்லை.

விழுந்தது என் வீட்டுக்காரர். சில வருஷங்களுக்குப் பிறகு, ஒரு சாதாரணச் சனிக்கிழமை. சாவு இல்லை, சண்டை இல்லை, வலையும் நிறைந்து வந்த நாள். ஏன் குடித்தார் என்று அவருக்கே தெரியாது. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு மத்தியானம் பார்த்தால் கிணற்றடியில் கிடக்கிறார். சாரம் முழுக்கச் சேறு. என் காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

நூலை அவிழ்க்க வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேனே. அது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வருஷக்கணக்காக வைத்திருந்த சொல், இந்த ஒரு நாளைக்கென்றே வைத்திருந்த சொல். வாயைத் திறக்கும்போது தம்பி படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்த ஊரில் எது மறையும். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, இப்ப ஒண்டும் கதையாத."

அந்தச் சேற்றில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அத்தான், எழும்புங்கோ. கூட்டத்துக்கு நேரமாகுது."

"நான் வரமாட்டன். என்ன முகத்தோட வாறது? நான்தானே தொடங்கினனான்."

"இதே முகத்தோட வாங்கோ. நான் வந்தது எந்த முகத்தோட?"

 பிறகு தம்பி வாளியில் தண்ணீர் அள்ளி அவர் தலையில் ஊற்றினான், சட்டையை மாற்றிவிட்டான், அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். அவருக்குக் கால் பாவவில்லை. ஊர் முழுக்கக் கடற்கரையில் நிற்கிற பகல் வெளிச்சத்தில், வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்க்கப் பார்க்க, இரண்டு பேரும் வாடியை நோக்கி நடந்தார்கள். அவருடைய செருப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.