தோணிரேவு ஜமுனா பேசிய அரசி

ஏரியோரக் கிராமமான தோணிரேவின் கரையில் நண்டு ஏலம் விடுகிறவர் ஜமுனா. படகுகள் வந்ததும் கூடைகளை இறக்கி வைப்பார்கள், வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள், ஜமுனா நடுவில் நின்று விலை கூறுவார். மைக் கிடையாது. ஏரிக்காற்று எதிரே அடித்தாலும் கடைசி ஆள் வரை அவர் குரல் போகும். கத்துகிற குரல் அல்ல அது. கனமான, கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். முன்பெல்லாம் அவரும் மற்றப் பெண்களோடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தவர்தான். இடுப்பு வலி வந்த பிறகு ஏலத்துக்கு மாறிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுத் தசரதனின் மகள் நிவேதா சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு ஜப்பானிய அனிமே தொடருக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹிரோகி என்கிற பையனுக்கு உடைந்த வாள் ஒன்று கிடைக்கிறது. எப்போதோ நாட்டை இழந்து செத்துப்போன அரசி ஒருத்தியின் ஆவி அந்த வாளுக்குள் குடியிருக்கிறது. அவன் போகிற இடத்துக்கெல்லாம் அவள்தான் வழி சொல்கிறாள். அரசிக்கு மட்டும் குரல் அமையவில்லை. வந்தவர்கள் எல்லோரும் புராண நாடகத்து ராணி மாதிரியே முழங்கினார்கள். ஊருக்கு வந்திருந்த நிவேதா ஏலத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுபோய் இயக்குநர் ஹரிஹரனுக்குப் போட்டுக் காட்டினாள்.

“இந்த அம்மாவைக் கூட்டிட்டு வா” என்றார் அவர்.

ஜமுனா நம்பவில்லை. “இன்னாடி, வெளையாடறியா? நண்டு ஏலம் உடறவள ராணியாப் பேசச் சொல்றாங்களா?”

“நெசமாத்தான் அத்தை. செத்துப்போன ராணி.”

“செத்தவளா? அப்ப பரவால்ல. தப்பாப் பேசினாலும் சண்டைக்கு வரமாட்டா.”

வலை பின்னிக்கொண்டிருந்த கணவர் நாகப்பன் தலையைத் தூக்காமலே, “போய்ட்டு வாயேன். இங்க போடற சத்தத்த அங்க போய்ப் போடு” என்றார்.

பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து லோக்கல் ரயிலேறி ஜமுனா ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தார். குளிரூட்டிய சின்ன அறை. எதிரே திரை, காதில் ஹெட்போன், கையில் வசனத் தாள். எட்டாவது வரை படித்தவருக்கு வாசிப்பதில் சிரமமில்லை. ஆனால் திரையில் அரசி வாயை மூடிய பிறகும் ஜமுனா பேசிக்கொண்டே இருந்தார். “நில் ஹிரோகி! அந்தப் பாலத்தில் கால் வைக்காதே!” என்பது பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல வந்தது. ஏலத்தில் எதிரே முகங்கள் இருக்கும், இங்கே யாரும் இல்லை. மதியத்துக்குள் தொண்டை வறண்டுபோனது. “நமக்கு ஆகாதுடி” என்று நிவேதாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினார்.

வாசலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜமுனாவின் வயதுதான் இருக்கும்.

“ஏங்க கிளம்பிட்டீங்க? நான் கலைவாணி. நான்தான் ஹிரோகி.”

“நீங்களா? அது பையனாச்சே!”

கலைவாணி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, “அரசியே, பசி தாங்கவில்லை!” என்று சிறுவன் குரலில் சிணுங்கினார். ஜமுனா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபது வருடமாகப் பையன்களுக்கே பேசி வருகிறவராம் கலைவாணி.

அவரவர் பங்கை அவரவர் தனியாகப் பேசிவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். அன்று கலைவாணி ஜமுனாவோடு உள்ளே வந்தார். தன் வசனத்தை முதலில் சொல்லிவிட்டு, அரசி வாய் திறக்கும் நேரத்தில் ஜமுனாவின் தோளைத் தட்டினார். எதிரே ஒரு முகம் கிடைத்ததும் ஜமுனாவுக்குக் குரல் வந்துவிட்டது. கால் வைக்காதே என்று அவர் சொன்னபோது கலைவாணி நிஜமாகவே ஓர் அடி பின்னால் போனார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஹரிஹரன், “ஓகே, அடுத்தது” என்றார்.

அதிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் பேசினார்கள். ரயிலிலேயே ஜமுனா வசனத்தை முணுமுணுத்துப் பார்ப்பார். ஒருமுறை, “எதிரிகள் வடக்கு வாசலை உடைத்துவிட்டார்கள்” என்றதும் பக்கத்துப் பெண் பையை எடுத்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார். முதல் பாகம் வந்தபோது நாகப்பன் கடைசி வரை பார்த்துவிட்டு, “உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான் எல்லாரையும் வெரட்டிகினு இருந்திருப்பா” என்றார்.

கடைசிப் பாகத்துக்கு முன்னால் கலைவாணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசி விடைபெறும் காட்சியைத் தனியாகப் பேச வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஜமுனா போனார். அறைக்குள் கலைவாணி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றிருந்தார்.

“இன்னாமே, ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வந்துட்டியா?”

கலைவாணி வாயில் விரல் வைத்துத் திரையைக் காட்டினார். படம் ஓடியது. ஹிரோகி பேசும் இடங்களில் கலைவாணியின் உதடுகள் மட்டும் அசைந்தன. அந்த வசனங்கள் ஜமுனாவுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி வந்தவர், “இனி என்னிடம் வழி கேட்காதே, நட” என்ற இடத்தில் உடைந்துபோனார்.

“இன்னொரு டேக் போகலாம்” என்றார் ஹரிஹரன். இரண்டாம் முறை குரல் தடுமாறவில்லை. எதை வைத்துக்கொள்வது என்று அவர் யோசித்தபோது ஜமுனாவே, “ரெண்டாவதே இருக்கட்டும் சார். ராணி அழுதா புள்ள எப்படிக் கெளம்புவான்?” என்றார். கலைவாணி தலையாட்டினார்.

கலைவாணிக்குக் குரல் திரும்பியது. ஆனால் இறங்கிவிட்டது, பையனின் கீச்சுக்குரல் அதற்குப் பிறகு வரவில்லை. பாக்கி வசனங்களை ஷாலினி என்ற புதுப் பெண் பேசினாள். ஹிரோகி எங்கே மூச்சு வாங்குவான், எங்கே விழுங்குவான் என்று கலைவாணி கூடவே உட்கார்ந்து காட்டிக் கொடுத்தார். அடுத்த சீசனில் ஹிரோகி பெரியவனாகிவிட்டான், அரசியும் இல்லை. இப்போது கலைவாணி அம்மாக்களுக்குப் பேசுகிறார். ஜமுனாவை எப்போதாவது சூனியக்காரிக்கோ பேசும் மரத்துக்கோ கூப்பிடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் ஏலம்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைவாணி தோணிரேவுக்கு வந்தார். ஏலக் கூட்டத்தின் பின்னால் நின்று, ஜமுனா கண்ணில் பட்டதும் கையைத் தூக்கி ஆட்டினார். ஒரு கூடை நண்டு அவர் பேருக்கு முடிந்தது.

“ஐயோ, நான் சும்மா உங்களைப் பார்த்துத்தான்...”

“கை தூக்கினா தூக்கினதுதான்” என்றார் ஜமுனா. “ஒரு ஆளுக்கு உட்டா அப்புறம் ஒருத்தனும் மதிக்க மாட்டான். எடுத்துகினு போ. கொழம்பு நான் வெச்சுத் தரேன்.”

நாகப்பன் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கி வீட்டுப் பக்கம் நடந்தார்.