தராசுக்கு ஒரு விரதம்

எண்பதுகளின் நடுவில், மின்சார வேலைப் படிப்பை முடித்துவிட்டு, மலேசியாவில், ரவாங் தொழிற்சாலை ஒன்றின் வேலைப் பதிலுக்காகக் காத்திருந்தேன். கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆயா கொட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார். "சும்மாதானேடி உக்காந்திருக்க," என்று அம்மா என்னை அங்கே அனுப்பிவைத்தார். பெற்றோர் காட்டு வேலைக்குப் போனபின் பிள்ளைகள் பகலெல்லாம் இருக்கும் கொட்டகை அது. பதினொரு பிள்ளைகள், ஓர் அடுப்பு, மூலையில் ஒரு மேடைத் தராசு.

முதல் நாளே பட்டியல் போட்டேன். யார் எப்போது கஞ்சி குடிக்கிறார்கள், யார் எப்போது தூங்குகிறார்கள், யார் யாரைக் கடிக்கிறார்கள். மூன்றாவதுதான் நீளம்.

அதில் வராத பிள்ளை ஒன்று இருந்தது. நாலு வயதுப் பெண், கடிக்கக்கூடத் தெம்பில்லை. எடை பதினொன்றரைக் கிலோ. மாதம் ஒருமுறை பிள்ளைகளை நிறுக்க வரும் டிரெசர், அதாவது தோட்டத்து மருந்துக்காரர், போன முறை சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் பன்னெண்டு இல்லன்னா பெரியாஸ்பத்திரி வார்டுதான்." அவள் அம்மா செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். துணைக்கு ஆள் இல்லை. வார்டில் போய் உட்கார்ந்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

கஞ்சியில் முட்டை போட்டேன், பால் ஊற்றினேன், பேரீச்சை நறுக்கிப் போட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் மணிக்கட்டைக் கவனித்தேன். என் கருவிப் பையிலிருந்த மஞ்சள் வயர், ஒரு சாண், மூன்று முடிச்சுடன்.

"யார் கட்டினது?"

காட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் ஐந்து வயது மகள் முன்னால் வந்தாள். "நான்தான். காப்பு. அவ விரதம்."

"எந்தச் சாமிக்கு?"

எல்லாக் கைகளும் தராசைக் காட்டின.

யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. அதன் முன்னால் எல்லாரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். அம்மாக்கள் கண்ணை மூடி முணுமுணுக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து பார்த்து வாக்கு சொல்கிறார். ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி அழுகிறாள். மகள் எடை ஏற வேண்டுமென்று இந்தப் பிள்ளையின் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மனுக்குப் பட்டினி கிடந்தார். மகள் சுற்றிவளைக்காமல் தராசுக்கே கிடந்தாள்.

நான் கட்டிங் பிளேயரை எடுத்து வயரை வெட்டினேன்.

அதுவரை தண்ணீராவது குடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் நின்றது. நாலு மணிக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"காப்ப அறுத்திட்டியாமே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"அது வயரு, அக்கா."

"வயரா இருந்தா என்ன லா? கட்டினது கட்டினதுதானே."

ஐந்து மணிக்குக் கோயில் தலைவரும் பூசாரியும் வந்து, பிள்ளைகளின் குட்டி பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"தராசெல்லாம் சாமி ஆயிடுமா?" என்றார் தலைவர்.

"ஆயுத பூசைக்கு அதுக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்றார் பூசாரி.

பொட்டு வைத்தவர் தலைவர்தான்.

பூசாரி பிள்ளையிடம் குனிந்தார். "எத்தன நாளு விரதம், தாயி?"

"நம்பர் வர்ற வரைக்கும்."

தீர்ப்பு இதுதான்: அறுத்தவளே திரும்பக் கட்டவேண்டும். மறுநாள் மத்தியானம் பொங்கல் வைத்து விரதத்தை முறையாக முடிக்கவேண்டும். அப்படியே கட்டினேன், புது வயரில். மறுநாள் தராசுக்குக் கற்பூரம் காட்டியாயிற்று. இலையில் பொங்கல் வந்தது. அவள் தொடவில்லை.

"அம்மாவும் விரதம்," என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. காட்டிலிருந்து ஓடிவந்த அவள் அம்மா, தோளில் சாக்கோடு நின்றார். "நான் உனக்காகத்தாண்டி இருக்கேன்."

"நம்பர் வந்தா நீ அழ மாட்டல்ல? அதுக்குத்தான் நானு."

அம்மா பூசாரியைப் பார்த்தார். பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா கையைக்கூடக் கழுவாமல் ஒரு பிடி பொங்கலை எடுத்துத் தின்றார். பிறகு மகள் தின்றாள், இரண்டு இலை.

அதற்குப் பிறகு தினமும் சாப்பிட்டாள். ஆனால் டிரெசர் வர எட்டு நாள்தான் இருந்தது. எட்டு நாளில் எவ்வளவு ஏறிவிடும்?

நிறுக்கும் நாளில் பூசாரி அவள் கழுத்தில் முழங்கால்வரை தொங்கும் செவந்தி மாலையைப் போட்டு மேடையில் ஏற்றினார். டிரெசர் குனிந்தார். முள் பன்னிரண்டைத் தாண்டி ஒரு கோட்டில் நின்றது.

"மாலையக் கழட்டுங்க."

"சாமி முன்னாடி கழட்டக் கூடாதுங்க," என்றார் பூசாரி.

டிரெசர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லு."

"பூதானே, சார். என்ன கனம் இருந்திடப் போகுது?"

நானூறு கிராம். பிள்ளைகள் வருமுன் மாலையை நிறுத்துப் பார்த்திருந்தேன். அது இல்லாமல் அவள் பதினொன்று புள்ளி ஏழு. எடை ஏறும் வழி சரி, தூரம்தான் போதவில்லை. டிரெசர் மாலையின் நுனியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு என்று எழுதினார். வாசலில் நின்ற அவள் அம்மா அழவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டதென்று காட்டைப் பார்த்து நடந்தார்.