இரண்டாம் பந்தி

நாங்கள் அகதியாய் வந்து குடியேறிய ஒடாஹுஹுவில் எங்கள் கோவிலுக்கு ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் பூசை வைக்க வருவார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்து நின்றவராம். எனக்கு அவரைப் பிடிக்காது. நெட்டை உருவம், நாங்கள் கதைக்கும்போது கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தபடி, முகம் பாராமலே கேட்பார்.

கோவிலில் தமிழரும் சமோவாத் தீவுக்காரரும் இருந்தோம்; மாதா திருநாள் விருந்து தமிழ்ச் சனத்தின் பொறுப்பு. "முதல் பந்தியில் எங்கட ஆக்கள் இருக்கட்டும் ஆண்டகை, சமோவா ஆக்களுக்கு இரண்டாம் பந்தி," என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

"தென்னாப்பிரிக்காவிலும் இப்படித்தான் சனத்தைப் பிரித்தார்கள்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்கள் அடி வாங்கி ஓடிவந்த சனம். எங்களை அந்த வெள்ளைக்காரரோட சேர்க்காதேங்கோ."

"சரி, நான் இரண்டாம் பந்தியில் சாப்பிடுகிறேன்."

திருநாளன்று சொன்னபடியே வெளியே சமோவாக்காரரோடு நின்றார். ஆயரை விட்டுவிட்டுச் சாப்பிட எங்கள் சனத்துக்கு மனம் வரவில்லை. என் மனைவியே எழும்பிப் போய் எல்லாரையும் உள்ளே கூட்டிவந்தாள். எல்லாரும் ஒரே பந்தியில் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் மானத்தை வாங்குவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பந்தியைப் பிரிக்கக் கேட்டது நான்தான் என்று சாகும்வரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசிவிட்டு, அவரை மறந்திருப்பேன்.