ஐபு சொல்லி விற்ற கார்

கார் விற்பவர்கள் காரைப் புகழ்வார்கள். என் மச்சான் புகழ மாட்டார். வாங்க வந்தவரை ஒரு கதிரையில் இருத்தி, கையில் ஒரு பிளேன்டியைக் கொடுத்துவிட்டு, அந்தக் காரில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். தேநீர் பாதியிலேயே எழும்பிப் போனவர்கள் உண்டு. இந்த மனிதனுக்கு விற்க விருப்பமில்லை, வேறு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறான் என்று நினைத்து விலையைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. அப்படிக் கூட்டிச் சொன்னால் மச்சான் பதறிப்போவார். சொல்லாமல் விட்ட குறை வேறு ஏதும் இருக்கிறதா என்று காரைச் சுற்றி இன்னொரு தடவை நடப்பார்.

அந்தக் குறைக்கு எங்கள் பேச்சில் ஐபு என்று பெயர். விற்கிற பொருளின் ஐபை மறைக்கக் கூடாது என்பது சிறுவயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் எல்லோருக்கும் சொல்லித் தந்ததுதான். பெரும்பாலானோர் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மச்சான் அதைக் கராஜுக்குள் கொண்டுவந்தார்.

அவர் என் தாத்தாவின் கணவர். தாத்தா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரி. கராஜ் புத்தளத்திலிருந்து பள்ளிவாசல்துறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. சாதாரண நாட்களில் லொறியும் முச்சக்கர வண்டியும்தான் வேலைக்கு வரும். ஆனால் மச்சானின் மனது முழுக்கப் பழைய பிரித்தானியக் கார்களில் இருந்தது. அதிலும் ஒரு வகைதான். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, முன்னால் இருவருக்குத் தோல் இருக்கை, பின்னால் இரண்டு பெட்டி வைக்க இடம். வேகமாகவும் களைப்பில்லாமலும் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த கார்கள். கொழும்பில் வாங்குகிறவர்கள் ஜீ.டீ. என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ஜீடி ஆகிவிட்டது. வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் அவற்றைத் தேடி வருகிறவர்கள் கூடினார்கள். ஆனால் கார்தான் கிடைக்காது. சில வருடங்களில் ஒன்று கிடைக்கும். சில வருடங்களில் அதுவுமில்லை.

ஏன் இந்த வகை மட்டும் என்று தாத்தா ஒருநாள் கேட்டதற்கு மச்சான் சொன்னார்: "நாங்க மன்னாரில இருந்து துரத்தப்பட்டு, வெறுங்கையோட தூரப் பயணம் வந்தது எப்பிடி எண்டு தெரியும்தானே. ரெண்டு பெட்டியைத் தூக்கி வச்சுக்கொண்டு, தன்ர விருப்பத்துக்குத் தூரம் போற மனிசருக்கு எண்டு ஒரு காரைச் செஞ்சிருக்கிறான் பாரு. அவன் நல்ல மனிசனாத்தான் இருப்பான்."

என்னுடைய வேலை காருக்குக் கீழே. எனக்கு ஆட்களோடு கதைப்பது சிறுவயதிலிருந்தே கஷ்டம். காருக்குக் கீழே படுத்துவிட்டால் யாரும் முகத்தைப் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். துணி சுற்றிய காந்தத்தை வைத்துத் தகடு முழுக்கத் தடவிப் பார்ப்பேன். ஒட்டாத இடத்தில் தகடு கிடையாது. கறள் தின்ற ஓட்டையில் பசையை அப்பி மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். உப்பு விளைகிற ஊர் இது. காற்றிலும் உப்பு இருக்கிறது. கடலோரத்தில் நின்ற கார் என்றால் மேலே மணமகன்போல இருக்கும், கீழே அரித்துப்போய்க் கிடக்கும்.

முந்தலில் ஒரு தென்னந்தோட்டத்தில், தேங்காயைப் புகை போட்டுக் காயவைக்கிற கொப்பறாக் கொட்டிலுக்குள் அந்தக் காரைக் கண்டோம். கரும்பச்சை நிறம். மேலே பழைய நுளம்பு வலையைப் போட்டு மூடியிருந்தார்கள். முன்பலகை முழுக்க வால்நட் மரம். நான் காந்தத்தோடு கீழே போனேன். எல்லா இடத்திலும் ஒட்டியது. கொப்பறாப் புகையின் எண்ணெய்ப் பசை அடித்தகட்டில் படிந்து, உப்பைக் கிட்ட வர விடாமல் காத்து வைத்திருந்தது. ஒவ்வொரு வளைவையும் யாரோ கையால் அடித்தே வளைத்திருந்தது கீழிருந்து பார்த்தால் தெரிந்தது. யாரும் பார்க்காத இடத்திலும் வேலை அவ்வளவு ஒழுங்கு. நான் தேவையில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன்.

தோட்டத்துக்காரி வயதான கத்தோலிக்க அம்மா. கணவர் இறந்த பிறகு சிலாபத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார்; ஆஸ்பத்திரி கிட்ட. அதனால்தான் விற்கிறார்.

"எங்க வீட்டுக்காரரோட அப்பா கப்பல்ல எறக்கின கார், நானா" என்று மச்சானிடம் சொன்னார்; நானா என்றால் அண்ணன். "பொறகு இவருக்கு வந்திச்சு. ஒருக்காத்தான் இஞ்சின் பழுதாகி, கொழும்பில கன மாசம் கெடந்திச்சு. நான் அந்தோனியாருக்கு நேந்துகிட்டேன். சுகமாகி வந்திட்டு. அதே இஞ்சின்தான் இன்னமும். வேற ஆள்னா மாத்தியிருப்பான். இவர் மாத்தல."

அதைச் சொல்லும்போது அவருடைய முகம் இளமையாகிவிட்டது. கணவரைப் பற்றி அவர் வேறு எதையும் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் சொன்னார், இரண்டு தடவை.

மச்சான் பேரம் பேசவில்லை. அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "விக்கிறப்ப எனக்குச் சொல்லணும். வாங்குற ஆளோட மொகத்தப் பாத்து நாந்தான் சாவியக் குடுப்பேன்." மச்சான் ஓம் என்றார். வேலைக்கென்று மேலதிகச் சாவியை மட்டும் அம்மா தந்தார்.

கராஜுக்குக் கொண்டுவந்து இஞ்சினைக் கழுவும்போதுதான் நான் அதைக் கண்டேன். பொனெட்டுக்குள் ஒரு சிறு தகடு இருக்கும். தொழிற்சாலையில் எந்த எண்ணுள்ள இஞ்சினை வைத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கும். அதே எண் இஞ்சினின் உடம்பிலும், கீழிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், இருக்க வேண்டும். இதில் வேறு எண். அதே கம்பெனி குடும்பக் காருக்குச் செய்த இஞ்சின். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், நன்றாகவும் ஓடும். ஆனால் இந்தமாதிரிக் காருக்குக் கூடப்பிறந்த இஞ்சின் இருப்பதுதான் பெரிய மதிப்பு. கொழும்பில் கிடந்த மாதங்களில் அம்மாவின் கணவர் அசல் இஞ்சினை விற்றிருக்கிறார். என்ன கஷ்டமோ, எங்களுக்குத் தெரியாது.

"அம்மாக்கிட்டப் போய்ச் சொல்லுவம் மச்சான்" என்றேன். "விலையைக் குறைக்கச் சொல்லுங்க. நியாயம்தானே."

மச்சான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மௌத்தாப் போன மனிசன்ட ஐபைக் கொண்டுபோய் அவ வாசல்ல போடச் சொல்றியா?"

அந்தச் சொல்லுக்கு எங்களிடம் இரண்டு பாவனை உண்டு. பொருளின் குறையும் ஐபுதான். மனிதரின் மானக்கேடும் ஐபுதான். பொருளின் ஐபைச் சொல்ல வேண்டும். மனிதரின் ஐபை மூட வேண்டும். இந்தக் காரில் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே எண்ணில் இருந்தன. வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்க முடியாது. அம்மாவோ சாவி கொடுக்கக் கட்டாயம் வருவார்.

"நான் மேல கதைக்கிறன்" என்றார் மச்சான் கடைசியில். "நீ கீழ சொல்லு."

அன்றிலிருந்து, காருக்குக் கீழே படுக்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகினேன்.

வாங்க வந்தவர் கொழும்பில் இருக்கும் ஒரு கண் டொக்டர், இளைப்பாறியவர். வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். காரைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிடுவாரோ என்று நினைத்தேன். அவ்வளவு மரியாதையோடு கிட்டப் போனார். அம்மா கறுப்புச் சப்பாத்தும் நல்ல உடுப்புமாக முச்சக்கர வண்டியில் வந்திறங்கினார். மச்சான் இருவரையும் இருத்தி, பிளேன்டி கொடுத்துவிட்டு, தொடங்கினார்.

"சேர், வலது கண்ணாடி முழுக்க இறங்காது. மணிக்கூடு ஓடாது. ரெண்டாவது கியர் காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அடுத்தது, சீட்டுக்கு வருசக்கணக்காத் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கு. வெயில் ஏறினா சம்பல் வாசம் வரும்."

அம்மா கோப்பையை வைத்துவிட்டார். "அதுவும் ஒரு கொறையா நானா? அது என் தோட்டத்து எண்ணெய்! நீங்க காரை விக்கிறீங்களா, வேணாங்குறீங்களா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான்" என்றார் டொக்டர். "நான் ஆக்களுக்குக் கண் வெட்டேக்கையும் இவ்வளவு பயப்பிடுத்தேல்ல."

"இன்னுமொண்டு இருக்கு, சேர். கீழயும் ஒருக்காப் பாத்திட்டு வந்தா நல்லம். தம்பி காட்டுவான்."

"இந்த வயசிலயோ? மற்றாக்களைப் படுக்க வச்சுப் பாத்த மனிசன் நான்." ஆனாலும் எழும்பினார். நான் புதுச் சாக்கு ஒன்றை விரித்திருந்தேன். வெள்ளைச் சேட்டோடு மல்லாந்து படுத்து, நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்தார்.

சொல்ல வேண்டிய வசனங்களை நான் பாடமாக்கி வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டன. டோர்ச்சை அந்த எண்ணின்மேல் பிடித்து, "ஐபு, சேர்" என்றேன்.

அவர் உற்றுப் பார்த்தார். "எது ஐபு? இந்தக் குழாயோ?"

"இல்ல, சேர்."

"அப்ப அந்தப் பெட்டியோ? ஐபு கழண்டு போச்சோ? புதுசு வாங்கலாமோ, கப்பல்லதான் வரவேணுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு வசனங்களும் திரும்பி வந்தன. ஐபு என்றால் என்ன என்று சொன்னேன். இரண்டு எண்ணையும் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இஞ்சினில் இருந்த எண்ணை மெதுவாக வாசித்தார்.

"இதை ஏன் உங்கட மச்சான் மேல வச்சுச் சொல்லேல்ல? சம்பல் வாசத்தையும் சொன்ன மனிசன்."

"அம்மா இருக்கிறா, சேர். அவவுக்குத் தெரியாது. மாத்தாத இஞ்சின் எண்டு அவர் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறா. சாமான்ட ஐபு எண்டா சொல்லணும். மனிசர்ட எண்டா மூடணும்."

அவர் டோர்ச்சை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார். கீழிருந்து பார்க்க இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன. அம்மாவின் கறுப்புச் சப்பாத்து அசையாமல் இருந்தது. மச்சானின் ரப்பர் செருப்பு இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தது. தேங்காய் விலை பற்றி அவர் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். பிறகு தேங்காய் முடிந்து, கதை புத்தளத்து வீதிகளில் திரிகிற கழுதைகளுக்குப் போனது. மச்சானுக்குக் கதைக்க விஷயம் தீர்ந்துபோய்விட்டது என்று எனக்கு விளங்கியது. டொக்டருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"வாரும், போவம்" என்றார். "இல்லாட்டி அந்த மனிசன் கழுதைக்கும் குறை சொல்லத் தொடங்கிடுவார்."

அவர் எழும்பி நின்று முதுகைத் தட்டிக்கொண்டார். அம்மா காத்திருந்ததுபோலக் கேட்டார்: "பாத்தீங்களா டொக்டர், இஞ்சினை? கப்பல்ல வந்த அதே இஞ்சின்."

மச்சானின் செருப்பு நின்றது. நான் காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை.

"பாத்தன் அம்மா" என்றார் டொக்டர். "நல்ல இஞ்சின். உங்கட அவர் வடிவாப் பராமரிச்சு வச்சிருக்கிறார்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. பிறகு அந்த வசனத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெரிய படிப்புப் படித்தவரால் மட்டும் அப்படிச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. அந்த மனது இருந்தால்தான் முடியும்.

விலையை மச்சானும் அவரும் வேலியோரம் போய்க் கதைத்தார்கள். அம்மாவுக்கு மச்சான் ஏற்கெனவே முழுதாகக் கொடுத்து முடித்திருந்தபடியால், குறைந்தது மச்சானுக்குத்தான். திரும்பி வரும்போது அவருடைய முகத்தில் நட்டப்பட்டவரின் வாட்டம் இல்லை.

அம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். வளையத்தில் அந்தோனியார் பதக்கம் ஒன்று தொங்கியது. அதைக் கழற்ற நகத்தால் முயன்றார். பிறகு டொக்டரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கழற்றுவதை விட்டுவிட்டார்.

"இது இதோடயே இருக்கட்டும், டொக்டர். காணாமப் போன சாமானைத் தேடிக் குடுக்குறவர் இவர்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

டொக்டர் இரண்டு கையாலும் சாவியை வாங்கினார். "நல்லது அம்மா" என்றார், சிரிக்காமல். "எனக்கு அவற்ர உதவி கட்டாயம் தேவைப்படும்."

கார் வீதிக்கு ஏறியது. முதல் கியர், பிறகு முரண்டு பிடிக்கிற அந்த இரண்டாவது கியர், பிறகு சத்தம் தணிந்து ஒரு நீண்ட மூச்சுப்போல ஓடத் தொடங்கியது. அம்மா வாசலில் நின்று, அது பனைகளுக்கு அப்பால் மறையும்வரை காது கொடுத்துக் கேட்டார்.

"கேக்குதா நானா? அவர் ஓட்டுற மாதிரியே இருக்கு."

"ஓம், அம்மா" என்றார் மச்சான்.

அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, டொக்டர் குடிக்காமல் விட்ட ஆறிய பிளேன்டியை மச்சான் ஒரே மடக்கில் குடித்தார்.

"நீ இண்டைக்குக் கதைச்சது இந்த வருசத்துக்குப் போதும்" என்றார். "இஞ்சினுக்கு விலையைக் குறைச்சார். நியாயம். ஆனா சீட்டுக்கு ஒரு சதமும் குறைக்கேல்ல, தெரியுமா? சம்பல் வாசம் தனக்கு விருப்பமாம்."