மூன்று சாக்ஸ் கல்

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு அவர் 'கல் அங்கிள்'. கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்து ஓட்டுவார் என்பதும் உண்மைதான், ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் சட்டைப் பையிலிருந்து பாலிஷ் போட்ட கல் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவள். ஆறு நாள் நின்ற கால் ஞாயிற்றுக்கிழமை வீங்கிக் கிடக்கும். நான் தூங்கும்போதே மனுஷன் கடற்கரைக்குக் கல் பொறுக்கக் கிளம்பிவிடுவார். அலை உள்வாங்கியிருக்கும் நேரத்தில், காலை வெயிலுக்கு எதிரே நடக்க வேண்டுமாம். அப்போதுதான் அகேட் என்கிற வரிக்கல் வெளிச்சத்தை உள்ளே வாங்கித் தேன் நிறத்தில் தெரியுமாம். காய்ந்துவிட்டால் அதுவும் வெறும் சரளைதான். சந்தேகம் வந்தால் எடுத்து நக்கிப் பார்ப்பார். ஈரம் பட்டதும் உள்ளே இருக்கிற வரிகள் தெரியும். "ஊர் நாயெல்லாம் நக்கின கல்லு, நீங்களும் நக்குங்க" என்று கத்துவேன். கேட்கிற ஜென்மமா அது?

ஒரு தடவை அங்கே நிஜமாகவே நாய் துரத்தியது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். இவரிடம் நாயும் இருந்தது, பை நிறையக் கல்லும் இருந்தது. எறிய மனசு வராமல் கடி வாங்கிக்கொண்டு வந்தார்.

பை என்றால் பை இல்லை, பழைய சாக்ஸ். குதிகாலில் நான் ஒட்டுப்போட்டுத் தைத்தது. மாதத்துக்கு ஒரு சாக்ஸ் நிறையும். அதை டயர் கடைக்குப் பின்னால் தகர ஷெட்டில் இருக்கும் பாலிஷ்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி வந்த கல் ஒன்றை எனக்கென்று வெட்டச் சொல்லிச் செயினில் கோத்துக் கொண்டுவந்தார். சிவப்புக்குள் வெள்ளை வரி, வரிக்குள் வரி. "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு எனக்குக் கெடச்சதே இல்லம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். சம்பாதித்த எதையும் அவர் அவ்வளவு பெருமையாக என்னிடம் நீட்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்தார். பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார். "கவனம் எங்க மேயப் போச்சு?" என்று நான் எரிந்து விழுவேன். வேலைக் களைப்பு எனக்கு. எதையும் நின்று யோசிக்கத் தெம்பு இருக்கவில்லை.

போன சனிக்கிழமை அவருக்கு முழங்கால் வலி. கல்லை வாங்கிவர நான் போனேன். ஷெட்டுக்குள் வெட்டுச் சக்கரம் தண்ணீரில் நனைந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரப்பர் டிரம் கடகடவென்று கற்களைப் புரட்டியது. அதற்குள் மூன்று வாரம் உருண்டால்தான் கல் வழவழப்பாகுமாம்.

"கல்லு ரெடிக்கா" என்று பாலிஷ்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"கல்லு இருக்கட்டும், சாக்ஸக் குடுங்க. வீட்டுல சாக்ஸுக்குப் பஞ்சம்."

ஆள் திருதிருவென்று முழித்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் இவர் கொடுத்த மூன்று சாக்ஸும் இருந்தன, வயிறு உப்பியபடி. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். பாட்டில் உடைசல், ஓட்டுச்சில்லு, செங்கல் துண்டு.

"மூணு மாசமா இதுதான்க்கா வருது" என்றார் தலையைக் குனிந்தபடி. "கண்ணு போச்சுன்னு மொத சாக்ஸ்லயே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல. எங்கிட்ட இருந்த நல்ல கல்லாப் பொறுக்கிப் போட்டுக் குடுத்தேன்."

என் கை கழுத்துக்குப் போனது.

"அதுவும் என் கல்லுதான்க்கா."

"அவர் என்ன வேலை பாக்கறார்னு தெரியுமா உங்களுக்கு?"

"ரிட்டயர் ஆயிட்டார்னு நெனச்சேன்..."

"ஸ்கூல் பஸ் ஓட்டறாருய்யா! முப்பத்தோரு புள்ளைங்க! புண்ணியம் பண்றேன்னு அத்தனை உசுரோட வெளையாடியிருக்கீங்க!"

அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். மன்னிப்புக் கேட்டாரோ என்னவோ, டிரம் சத்தத்தில் காதில் விழவில்லை. ஒரு சாக்ஸைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு இவர் வண்டியை எடுத்தாக வேண்டும். வழி முழுக்க அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

வீட்டில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சாக்ஸிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நக்கினார்.

"நல்ல கல்லுதான்" என்றார். குரலில் பலமே இல்லை.

"பீர் பாட்டிலுங்க அது."

கையை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம்தான் வந்தது.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து. நடுவுல பொகை மாதிரி மறைக்குது. ஓரமாப் பாத்தாத் தெரியும்."

"எப்படி வண்டி ஓட்டினீங்க?"

"ரூட்டு மனப்பாடம்மா. எங்க மேடு, எங்க திருப்பம்னு கைக்கே தெரியும். கொரல வெச்சுப் புள்ளைங்கள எண்ணிப்பேன்."

"ரோடு மனப்பாடம். குறுக்க ஓடி வர்ற புள்ளையும் மனப்பாடமா?"

அவர் எழுந்து சுவரைத் தடவினார். சாவி மாட்டியிருந்த ஆணி ஒருமுறை கைக்குத் தப்பியது. பஸ் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"ஸ்கூலுக்கு நானே சொல்றேன். நம்பர மட்டும் அழுத்திக் குடு."

அழுத்திக் கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்தை மூன்றே வாக்கியத்தில் முடித்தார். கண் சரியில்லை, திங்கட்கிழமை வேறு ஆளை அனுப்புங்கள், பிள்ளைகளிடம் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். போனை வைத்த பிறகு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"பாட்டிலக் குடுத்தா அவன் எப்படிக் கல்லாத் திருப்பிக் குடுத்தான்?"

"அவர் கல்லப் போட்டுக் குடுத்திருக்கார். மனசு கேக்கலையாம்."

அவர் கை தடவி வந்து என் செயினைப் பிடித்தது.

"இது?"

"இது உங்க கல்லுதான். அதுக்கெல்லாம் முன்னாடி வந்தது."

பாலிஷ்காரரைக் கிழித்த வாயின் ஈரம் காய்வதற்குள் அதே வாயால் சொன்னேன். அவர் கல்லைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அதானே பாத்தேன்" என்றார்.